எஸ்ராவின் பெண்டாட்டி பெயர்

தியாகுவின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு கௌஸ் முகம்மது தொண்டையைச் செருமினார். தியாகு வேலை பார்த்த துபாய் கம்பெனியில் விசா, கன்சுலேட் காகிதங்களை எல்லாம் கவனிப்பவர் அவர்தான்.

"தங்கச்சி, இதுல மனைவி பேரு இல்லயேம்மா. காலியா கெடக்கு."

"கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது பாய். ரினியூ பண்ணப்பவும் அப்படியே விட்டுட்டாரு."

"சேத்திருக்கலாமே?"

"நேரமில்லையாம்," என்றாள் நாகவள்ளி.

"சரி, கல்யாண சர்டிபிகேட் இருக்குல்ல, அத வச்சுப் பாத்துக்கலாம்."

பிணவறை அலுவலகத்தின் ஏசிக் குளிரில் பல் கிட்டியது. நேற்றுக் காலை ஜெபல் அலிக்கு டியூட்டி பஸ்ஸில் போகும்போது, உட்கார்ந்த இடத்திலேயே தியாகு போய்விட்டான். நாற்பத்தொரு வயசு. அழ வேண்டிய நேரம்தான். அவளுக்கோ வயிறு எரிந்தது.

நேரமில்லையாம்! நாலு வருஷமாக அந்த மனுஷனுக்கு எதற்கு நேரம் இருந்தது தெரியுமா? மேனேஜர் ஹோவர்டின் முப்பாட்டனுக்கு முப்பாட்டன், எஸ்ரா என்று ஒருவன், முந்நூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போய் அமெரிக்காவில் குடியேறியவன். அவன் வம்சத்தைத் தேடுவதற்கு! டியூட்டி முடிந்தால் ஆபீஸ் கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமையானால் சத்வாவில் நெட் கஃபே. மேனேஜர் கேட்டது ஒரு வார வேலை. இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எஸ்ராவுக்கு எத்தனை பிள்ளை, எத்தனை மாடு, எல்லாம் கண்டுபிடித்தான். அவன் பெண்டாட்டி பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

"பாவம் வள்ளி, அஞ்சு புள்ள பெத்தவ. பேருகூட இல்லாம போயிட்டா பாரு," என்று சோற்றைப் பிசைந்தபடி அங்கலாய்ப்பான். பரிமாறுகிறவள் புதுப் புடவை கட்டியிருந்தால் கண்ணில் படாது. செத்து மண்ணாய்ப்போன வெள்ளைக்காரி மேல் பொறாமைப்பட்டாள் என்றால் ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். பட்டாள், நன்றாகவே பட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஹோவர்டு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. அவளிடம் இரண்டு வார்த்தை துக்கம் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி கௌஸிடம் ஏதோ கேட்டார்.

கௌஸுக்கு ஒரே சங்கடம். "இப்பக் கேக்கக் கூடாதுதான். முந்தாநாள் சாயங்காலம் தியாகு இவருக்கு மெயில் போட்டிருக்காரு. அந்தம்மா பேரு கெடச்சிருச்சு, காலைல நேர்ல சொல்றேன்னு. ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா தங்கச்சி?"

சொல்லியிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, இங்கிலாந்தில் ஏதோ ஒரு சர்ச் பதிவேட்டில் கிடைத்ததாம், அந்தப் பெயரை இரண்டு தடவை சொன்னான். முகமெல்லாம் சிரிப்பு. அவளைப் பார்த்து ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. அவள் சப்பாத்தி மாவைக் குத்திக் குத்திப் பிசைந்தாள்.

"இல்ல பாய்," என்றாள் நாகவள்ளி. "ஒண்ணும் சொல்லல."

ஹோவர்டு தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். கௌஸும் காகிதங்களை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு நகர்ந்தார்.

யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அந்தப் பெயரை ஒரு தடவை, அவன் சொன்ன மாதிரியே, மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.