வாழ்க்கைக் குறிப்பு, இரண்டு பக்கம்

2024 மே 29, புதன்கிழமை காலை ஐந்தே காலுக்கு, தூத்துக்குடி மில்லர்புரத்தில் தன் மகன் வீட்டில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேவபிரசாதம் இறந்தார். வயது எண்பத்தொன்று. அடக்கம் அன்றே மாலை நான்கு மணிக்கு, சொந்த ஊரான சாயர்புரத்தில்.

ஐஸ் பெட்டியின் வயரைச் சொருகிக்கொண்டிருந்த மருமகள் ஜெர்லினை நாத்தனார் கிருபாபாய் கூப்பிட்டாள்.

"ஏளா ஜெர்லின், இங்கன வா. அப்பா எல்லாம் எழுதி வச்சிட்டுப் போயிருக்காவ."

பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் ஒரு உறை. பாடவேண்டிய பாட்டுகள், பெட்டியைத் தூக்க வேண்டியவர்கள், ஜெபம் செய்ய வேண்டியவர் என்று அடக்க ஆராதனையின் ஒழுங்கு முழுவதும் வரிசையாக இருந்தது. ஆறாவதாக: 'வாழ்க்கைக் குறிப்பு. பேத்தி ரெனிட்டா வாசிக்க வேண்டும்.' சிவப்பு மையில் அடிக்கோடு. கூடவே அந்தக் குறிப்பு, அவர் கையெழுத்தில் இரண்டு பக்கம்.

கிருபாபாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "என்ன, வாசிப்பாளா?"

ரெனிட்டாவுக்குப் பத்து வயது. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் ஸ்கேலால் அவள் விரல் முட்டியில் அடித்த அன்று ஜெர்லின் அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்துவிட்டாள். முதல் வருடம் மாடியறையில் மேசை, கரும்பலகை, சுவரில் நேர அட்டவணை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பாடம். அடுத்த வருடம் தமிழும் கணக்கும் மட்டும். அதற்கடுத்த வருடம் அட்டவணையையே எடுத்துவிட்டாள். சுவரில் நான்கு டேப் தழும்புகள் மிஞ்சின. அதன்பின் பிள்ளை எதைக் கேட்கிறதோ அதுதான் பாடம். ரெனிட்டா கடலைக் கேட்டாள். தெரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போனவர்கள் எப்போது கரையேறுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சங்கைக் கையில் வாங்கியதும் தேறுமா தேறாதா என்று சொல்லுவாள். வீட்டில் ஒரே ஒரு விதி இருந்தது. அவளை யாரும் சோதிக்கக் கூடாது. தோன்றும்போது வாசிப்பாள்.

"பள்ளிக்கூடத்த வீட்டுக்குக் கொண்டாந்த. இப்பம் வீட்டுல இருந்தும் வெரட்டிட்ட" என்று மாமனார் ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாயங்காலங்களில் பேத்தியோடு கேரம் ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார்.

வேறு யாராவது வாசிக்கட்டும் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"வாசிப்பா மைனி" என்றாள் ஜெர்லின்.

மாடியறையில் ரெனிட்டா தாளை வெகுநேரம் பார்த்தாள். "இது த. இது லை..."

"சேத்துச் சொல்லு."

"சேர மாட்டேங்குது."

"மணிக்கணக்கா புக்க வச்சுக்கிட்டு இருப்பியே, மக்கா?"

"படம் பாப்பேன். கதைய நானே சொல்லிக்கிடுவேன்."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே."

கீழே பாட்டுச் சத்தம் கேட்டது. வெயில் ஏறியிருந்தது. ஜெர்லின் கதவைச் சாத்திவிட்டு முதல் வரியை வாசித்தாள். பிள்ளை திருப்பிச் சொன்னது. அடுத்த வரி. மறுபடியும் முதலிலிருந்து இரண்டு வரியும். மனப்பாடம் என்ற சொல்லையே அந்த வீட்டில் அவள் விலக்கி வைத்திருந்தாள்.

"நான் தாத்தாட்ட போயி இருக்கணும்."

"முடிச்சிட்டுப் போலாம்."

பதினோரு மணிக்குக் கணவன் அனிஷ் வந்து கதவைத் தட்டினான். "பிள்ளைய விடு. தெரியாதுன்னு நான் அக்காட்ட சொல்லிருதேன்."

"சொல்லுங்க. உங்க அக்கா நாசரேத்துல இருக்க சொந்தக்காரவ வரைக்கும் போன் போட்டுச் சொல்லட்டும்."

அவன் இறங்கிப் போய்விட்டான்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி தடுக்கிக்கொண்டே இருந்தது: 'முப்பத்தாறு வருடத்தில் என்னிடம் வந்த எந்தப் பிள்ளையும் வாசிக்கத் தெரியாமல் வெளியே போகவில்லை.' ஏழாவது தடவையும் ரெனிட்டா 'வாசிக்காமல்' என்றாள். மேசையில் பழைய ஸ்கேல் கிடந்தது. பலமான அடி இல்லை. விரல் முட்டியில்தான் பட்டது. இருவரும் ஸ்கேலைப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவ" என்றாள் ஜெர்லின்.

இரண்டரை மணிக்குப் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அப்போதுதான் ரெனிட்டா கீழே வந்தாள். மூடிவிட்டிருந்தார்கள்.

சாயர்புரம் வேதக்கோயிலில் அவள் பெட்டியருகே நின்று தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு சொல் பிசகவில்லை. 'எந்தப் பிள்ளையும்' என்ற வரியில் குரல் தாழவும் இல்லை. ஆனால் முதல் பக்கம் முடிந்து நான்கு வரி சொன்ன பிறகுதான் தாளைப் புரட்டினாள். முன்வரிசையில் கிருபாபாய் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, தேவபிரசாதத்தின் பழைய மாணவர் மாரிராஜ் ரெனிட்டாவின் தலையைத் தடவினார். "சார் வாசிச்ச மாதிரியே இருந்துச்சு, தாயி. எந்த ஸ்கூலு?"

"எங்கயும் இல்ல."

அவர் சிரித்தார். "அப்பம் வீட்டுலயே பள்ளிக்கூடம் இருந்துச்சுன்னு சொல்லு."

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுன்னு நெனச்சோம்" என்று கிருபாபாய் யாரிடம் என்றில்லாமல் ஏதோ ஆரம்பித்து, ஜெர்லினைக் கண்டதும் நிறுத்தி, வேனில் ஏறினாள்.

திரும்பி வரும்போது உப்பளங்களில் வெயில் இறங்கியிருந்தது. ரெனிட்டா ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள்.

"நான் ஸ்கூலுக்குப் போறேன்."

அனிஷ் முன்சீட்டிலிருந்து திரும்பினான். ஜெர்லின், "ஒனக்கே தோணுதா?" என்று கேட்டாள். எப்போதும் கேட்கும் கேள்விதான்.

"ஆமா."

"ஏன் மக்கா?"

"அங்கன நாலு மணிக்கு விட்டுருவாவல்லா."



ஜூன் 10, திங்கட்கிழமை பள்ளிகள் திறந்தன. ரெனிட்டாவை ஐந்தாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். விண்ணப்பத்தை ஜெர்லின்தான் நிரப்பினாள். 'முந்தைய பள்ளியிலிருந்து விலகிய காரணம்' என்ற கட்டத்தில் அவள் எதுவும் எழுதவில்லை. எழுத்தரும் கேட்கவில்லை.