அம்மீட்டர் மேல் குங்குமம்

எழுந்தேன். வாசலிலிருந்து பால் புட்டியை எடுத்தேன். காபி கலந்து குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். முகம் மழித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டரில் மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன்.

என் மனைவி கோமளம் ஆடியில் இறந்தாள். ஒரு வருஷத்துக்கு எனக்குப் பண்டிகை இல்லை. அதனால் முதல் நாள் விமானத்துக்கு நடந்த ஆயுத பூஜைக்கு நான் போகவில்லை. நான்கு பேர் உட்காரும் ஸெஸ்னா அது. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தனபாலன் அண்ணாச்சியுடையது. நான் அவருடைய பைலட். விஜயதசமியன்று அவரும் அவர் மனைவி சுந்தரவல்லியும் கடலோரமாகப் பாண்டிச்சேரி வரை பறந்து, திரும்புகையில் கடையை மேலிருந்து பார்க்க வேண்டும் என்றார்கள்.

விமானக் கதவைத் திறந்தால் ஒவ்வொரு டயலின் கண்ணாடியிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

“அழிச்சிராதீங்க தம்பி. சுமங்கலி கையால வச்சது” என்றார் சுந்தரவல்லி.

“முள் தெரியணும்மா.”

அவரே முந்தானையால் துடைத்து, பொட்டுகளை விளிம்புகளுக்கு மாற்றினார். ஓரத்தில் இருந்த சின்ன டயல் ஒன்றை மட்டும் தொடவில்லை. “இது ஒண்ணாவது இருக்கட்டும்” என்றார். அம்மீட்டர். பாட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, வெளியே வடிகிறதா என்று காட்டுவது. பகல் நேரம்தானே என்று விட்டேன்.

பாண்டிச்சேரியில் திரும்பி, மகாபலிபுரம் தாண்டியதும் ரேடியோவில் விமான நிலைய டவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆனது. பெட்ரோல் முள்ளும் சரிந்தது. டாங்கில் பெட்ரோல் இருப்பது எனக்குத் தெரியும். கட்டை விரலால் குங்குமத்தைத் துடைத்தேன். அம்மீட்டரின் முள் இடது கோடியில், வடியும் பக்கம் கிடந்தது. பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. கிளம்பியதிலிருந்தே எல்லாம் பாட்டரியைத் தின்றுகொண்டிருந்திருக்கின்றன.

“ஐயோ, அழிச்சிட்டீங்களே” என்றார் சுந்தரவல்லி பின்னாலிருந்து.

“அழிக்கட்டும், விடு. உசுரோட எறங்கினா வேற வச்சுக்கலாம்” என்றார் அண்ணாச்சி.

ஆல்டர்னேட்டர் சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போட்டேன். முள் அசையவில்லை. சுழல் விளக்கை அணைத்தேன். இறக்கை விளக்குகளை அணைத்தேன். கடைசியாக ரேடியோ.

“என்ன தம்பி, ஒவ்வொண்ணா கடையைச் சாத்துறீங்க? எஞ்சின் நின்னுருமா?”

“நிக்காது அண்ணாச்சி. எஞ்சினுக்கு வேண்டிய தீப்பொறியை மேக்னெட்டோ தானே போட்டுக்கும். பாட்டரி செத்தாலும் ஓடும்.”

“பெறகு என்ன குறை?”

“பேச முடியாது. பெரிய பிளேன் எறங்குற எடம். நாம வர்றது அவங்களுக்குத் தெரியணும். ஒரு தடவை பேசுற அளவுக்கு மிச்சம் பிடிக்கிறேன்.”

“மிச்சம் பிடிக்கிறது நம்ம தொழில். நடத்துங்க.”

அடையாறு கடலில் சேரும் இடம் தெரிந்ததும் ரேடியோவைப் போட்டேன். ஆல்டர்னேட்டர் இல்லை, ரேடியோவும் போகப்போகிறது, அடையாறு மேல் சுற்றிவிட்டு வந்து டவரின் விளக்கு சைகையைப் பார்த்து இறங்குவேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். பதிலில் பாதி வந்தது. அதோடு ரேடியோ அடங்கியது.

சுற்றினேன். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. கீழே ஒரு ஜெட் தாழ்ந்து போய் இறங்கியது.

“ஏ சுந்தரவல்லி, பனகல் பார்க்குக்கு இந்தப் பக்கம் பாரு. நம்ம கடை மொட்டை மாடியில எவனோ வேட்டி காயப் போட்டிருக்கான்.”

“உங்க வேட்டிதான்.”

விமான நிலையத்தை நெருங்கியபோது டவரிலிருந்து அசையாத பச்சை விளக்கு வந்தது. இறங்கலாம். பார்த்துவிட்டேன் என்பதற்கு இறக்கைகளை ஆட்டினேன். மின்சாரம் இல்லாததால், இறங்கும்போது வேகத்தைக் குறைக்கும் இறக்கை ஃபிளாப் இறங்காது. வேகம் கொஞ்சம் கூடும். ஓடுபாதை எங்களுக்குத் தாராளம். சக்கரம் மெத்தென்று தொட்டது.

மெக்கானிக் எஞ்சின் மூடியைத் திறந்து, ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் அறுந்து கிடந்ததை எடுத்துக் காட்டினார். அண்ணாச்சி அதை வாங்கி, துணியின் தரம் பார்ப்பது போல இழுத்துப் பார்த்தார்.

சுந்தரவல்லி என் அருகில் வந்தார். “எப்படி தம்பி, பதறாம ஒவ்வொண்ணா அணைச்சீங்க? எனக்கு உசுரே போயிருச்சு.”

“பழக்கம்மா.”

அவர் நகரவில்லை. “வீட்டம்மா போறப்ப ஏதாவது சொன்னாங்களா?”

“பெருமாளேன்னு சொன்னா” என்றேன்.

என் மாமியார் எல்லோரிடமும் சொல்வது அதைத்தான். நான் மறுத்ததில்லை. ராயப்பேட்டை ஆஸ்பத்திரி அறையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். ஜன்னலில் நல்ல வெயில். கோமளம் கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள்.

“ஏன்னா, பகல்லே எதுக்கு லைட்டு? அணைச்சுடுங்கோ.”