சண்டை போடும் மொழி

சொரிமுத்துவின் வாய்க்குத் தாராவியில் பாதிப்பேர் பயப்படுவார்கள். பை தைக்கும் பட்டறையில் அவர் போடும் சத்தம் அடுத்த சந்து வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் பக்கவாதம் வந்து விழுந்தார். கைகால் ஓரளவு சரியான பிறகும் பேச்சு மட்டும் திரும்பவில்லை. மற்றவர்கள் சொல்வது புரிந்தது, பதில்தான் வரவில்லை. "வாய மூடவே மாட்டியளா" என்று கல்யாணமான நாளிலிருந்து அவரைத் திட்டி வந்தவள் மனைவி இசக்கி. அது பலித்துவிட்டதோ என்று அவளுக்குப் பதறியது. இனிமேல் இவர் பேசவே மாட்டாரோ?

மகள் ஷ்ருதி இருவரையும் செம்பூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வந்தனாவிடம் அழைத்துப்போனாள். என்ன மொழி பேசுவார் என்று வந்தனா கேட்டதும் தாயும் மகளும் ஒரே குரலில் "ஹிந்தி" என்றார்கள். வெளியாளிடம் வேறென்ன சொல்வது? தன் ஹிந்தியைப் பற்றி மனிதர் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சமா! வந்தனாவும் பட அட்டைகளைக் காட்டி சேப், குர்சி, தித்லி என்று சொல்லிக் கொடுத்தாள். சொரிமுத்து ஆப்பிளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், வண்ணத்துப்பூச்சியையும் பார்த்தார். உதடு அசையவில்லை. வாரக்கணக்கில் இதே கதைதான்.

ஒருநாள் வந்தனா அட்டைகளை ஒதுக்கிவிட்டு, இவர் வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுவார் என்று கேட்டாள். ஷ்ருதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழில்தான் என்றாள். அப்படியென்றால் தமிழிலேயே ஆரம்பிப்போம், நாள் முழுக்க எந்த வார்த்தைகள் அதிகம் அவர் வாயில் வருமோ அவை முதலில், ஆப்பிளெல்லாம் பிறகு என்றாள் வந்தனா.

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஷ்ருதி கேட்டாள். "யம்மா, அப்பா ஜாஸ்தி என்னதான் சொல்லுவாரு?"

"என்னத்தச் சொல்லுவாரு... வா, போ, சரி, இல்ல, தண்ணி கொண்டா, அறிவிருக்கா... இதுதான்."

பக்கத்தில் இருந்த சொரிமுத்து முறைத்தார். ஊர் வாயை எல்லாம் அடைத்த பேச்சு இந்தக் கைப்பிடியளவு வார்த்தைகள்தானா என்று இசக்கிக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் அதுதான் பாடம். "சரி சொல்லுங்க", "இல்ல சொல்லுங்க" என்று இருவரும் மாற்றி மாற்றிக் கெஞ்சினார்கள். உதடு அசையத் தொடங்கியது, காற்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இசக்கி அவர் தட்டில் மீன்குழம்பு ஊற்றிக்கொண்டே, "ஏட்டி, அடுப்ப அணை" என்று மகள் பக்கம் திரும்பினாள். கை பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. சோறு முங்கிவிட்டது.

"போ... போதும்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. யாரும் சொல்லிக் கொடுக்காத வார்த்தை. வேளா வேளைக்கு அவர் சொல்லி வந்ததுதான். அதனாலேயே யாருக்கும் நினைவு வரவில்லை. இசக்கிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்று நெஞ்சு லேசானது. அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"போதும்" என்றார் சொரிமுத்து, இந்த முறை கோபமாக.

"கேக்கலியே" என்று சொல்லிவிட்டு அடுத்த கரண்டியை அள்ளினாள் இசக்கி.