பின்சீட்டில் ஆளில்லை

ராகவேந்திரன் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்று ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் பந்தயப் பாதையில் ஓட்டப் போகிறானாம்! ஆபீஸ் சிநேகிதன் பத்மநாபன் கிளப்பிவிட்ட பைத்தியம் அது. பாரக்பூர் பக்கம் பழைய விமான ஓடுதளம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை புதியவர்களை ஓட்டவிடப் போகிறார்கள், போலீஸும் கிடையாது, லாரியும் கிடையாது என்று அவன் சொன்னதிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் லேக் கார்டன்ஸ் வீட்டு வாசலில் ஆயத்தம் ஆரம்பமாயிற்று. பக்கக் கண்ணாடிகளைக் கழற்றினான். விழுந்தால் சில்லு சிதறக் கூடாதென்று சொல்லி ஹெட்லைட் முழுக்கப் பிளாஸ்திரி ஒட்டினான். 'விழுந்தால்' என்று அவன் சர்வ சாதாரணமாகச் சொன்னதை அவன் மனைவி பாகீரதியால் தாங்க முடியவில்லை. சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். மனுஷன் மசியவில்லை.

ஆனால் அவனுக்கும் உள்ளூர உதறல்தான். ஒரு வாரமாகத் தனியே பழகிப் பார்க்கிறான். இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்து, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசுகிறது. வண்டி ரிப்பேர் பார்க்கும் மிஸ்திரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்.

"சால்ட் லேக்ல ஓட்டிப் பாக்கறேன், நீயும் வா. சாயங்காலத்துக்குள்ள சரியா வரலைன்னா நாளைக்குப் போகலை. போறுமா?" என்றான் மனைவியிடம்.

பாகீரதி உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சால்ட் லேக்கில் அப்போது வீடுகளைவிட மணல்தான் அதிகம். புது ரோடுகள் ஆளரவமில்லாமல் கிடந்தன. ரோடு இடது பக்கம் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவளை இறக்கிவிட்டு அவன் கிளம்பினான். வண்டி வாங்கிய நாளாய் அவன் ஓட்டி அவள் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பாள்? கார்டன் ரீச்சில் அவனுக்கு ரயில்வே ஆபீஸ், பக்கத்திலேயே, மாசக் கடைசியோடு அவள் விடப்போகிற பள்ளிக்கூட வேலை. போக வர அவள் பின்சீட்டில் அல்லவா இருந்தாள்!

வளைவில் கிறீச்சென்றது. தீப்பொறி பறந்தது. வண்டி ஆடிக்கொண்டே மணல் ஓரம்வரை போய் எப்படியோ நிமிர்ந்தது. பாகீரதிக்கு உயிர் போய்விட்டு வந்தது.

இரண்டாவது தடவை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அவன் சீட்டின் நடுவில் உட்காரவில்லை. உடம்பு வலது பக்கம் ஒதுங்கியிருந்தது. புடவையோடு இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு உட்காருகிறவள் அவள். அந்தப் பாரத்துக்கு ஈடுகொடுக்க வலது பக்கம் சாய்ந்து சாய்ந்தே அவன் ஓட்டப் பழகியிருக்கிறான். இப்போது பின்னால் ஆளில்லை. ஆனாலும் அவன் வலது பக்கமே சாய்கிறான், வண்டி அதற்கு எதிராக இடது பக்கம் படுக்கிறது.

சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். சொல்லாவிட்டால் நாளைக்கு அவன் போகமாட்டான். வேறென்ன வேண்டும் அவளுக்கு?

வெயில் தாழ்ந்தது. அவன் விடாமல் சுற்றிச் சுற்றி வந்தான். ஒவ்வொரு உரசலும் அவள் பல்லைக் கூசவைத்தது. கல்லாய் நின்றாள். கடைசியில் வண்டி வழுக்கியேவிட்டது; காலை ஊன்றித் தப்பினான். எஞ்சினை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் வெளிறியிருந்தது.

"நான் போகலை, பாகீ. எனக்கு வண்டி ஓட்டவே வராது போலிருக்கு."

ஜெயித்துவிட்டாள். ஆனால் சந்தோஷம் வரவில்லை.

"வா, ஆத்துக்குப் போலாம். ஒண்ணாந்தேதிலேர்ந்து நீ புது வேலைக்கு இங்க பஸ்ல வந்துடுவே. நான் தனியா மெதுவா ஆபீசுக்கு உருட்டிண்டு போய்க்கறேன்."

தனியாக! இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் ஆபீசுக்குப் போகும் வழியில், கப்பல் பட்டறைக்கு முன்னால் இதே மாதிரி ஓர் இடது வளைவு உண்டு. அங்கே எந்நேரமும் லாரிகள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஏன்னா, வராதுன்னு யார் சொன்னா? இன்னும் என்னைச் சுமந்துண்டே ஓட்டறேள். பின்னாடிதான் நான் இல்லையே!"

அவன் திருதிருவென்று விழித்தான். அவள் நடுரோடென்றும் பார்க்காமல் அவன் இடுப்பைப் பிடித்து நடுச்சீட்டுக்குத் தள்ளினாள்.

"கோணலா இருக்கற மாதிரின்னா இருக்கு?"

"அதான் நேர். அப்படியே போங்கோ."

"இதை எப்போ கவனிச்சே?"

"ரெண்டாவது தடவையே."

அவன் அவளையே பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

பாகீரதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வண்டியின் சத்தம் வளைவை நெருங்கியது, வளைந்தது, தூரத்தில் போயிற்று. உரசல் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்துகொண்டிருந்தான். அவளுக்கு அழுகை வந்தது. இனி அவன் நிச்சயம் போவான். அனுப்பி வைப்பவள் அவளேதான்.

ஹெட்லைட்டில் பிளாஸ்திரி இருந்தது. இருட்டுமுன் வீடு சேரவேண்டும். வழக்கம்போல் பக்கவாட்டில் உட்காரப் போனவள் நின்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீயும் வரியா?" என்றான் அவன்.

"ஓடுதளம் வரைக்கும் பின்னாடி நான்தான். அங்க இறங்கிடுவேன்" என்றாள் பாகீரதி. "நான் இறங்கிட்டேன்கறது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்."