சும்மா இருந்த நேரத்துக்கும் சம்பளம்

காலை ஏழு மணிக்கே வந்துவிட வேண்டும். ஆனால் கார்கள் வரிசை கட்டும்வரை வருகை அட்டையைக் கடிகாரத்தில் அடிக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸின் அந்தக் கார் கழுவுமிடத்தில் மூன்று வருடமாக இதுதான் முறை. மூடுபனி நாட்களில் பத்து மணிவரைகூட ஒரு வண்டியும் வராது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.

அந்தச் சம்பளத்தைக் கேட்டுத்தான் நெரெய்தா மாநிலத் தொழிலாளர் அலுவலகத்தில், விசாரணைக்கு முந்தைய சமரசப் பேச்சுக்கு உட்கார்ந்திருந்தாள். மனுவை நான்கு முறை சரிபார்த்தும், ஏதோ ஒரு தேதி பிசகியிருக்குமோ என்று மறுபடி புரட்டினாள். துணைக்கு வந்திருந்த செலெஸ்தினோ அவளோடு வேலை பார்ப்பவன், அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். தனக்கென்று மனுப்போட அவனுக்குத் துணிவில்லை.

"எண்ணூறு டாலர் தரேன், மனுவை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போடு" என்றார் எதிரே இருந்த முதலாளி எவரார்தோ; வேலையாட்களுக்கு அவர் 'தோன்', அதாவது ஐயா. "உன் பொண்ணோட பதினஞ்சாவது பிறந்தநாளுக்குக் கேக் அனுப்பினது யாரு?"

"கேக்கைச் சாப்பிட்டாச்சு, தோன். இது வேற."

"க்ரீம் புளிச்சிருந்துச்சு" என்று முணுமுணுத்தான் செலெஸ்தினோ.

முதலாளி, பேச்சை நடத்திய பெண் அதிகாரியிடம் திரும்பினார். "வேலியோரம் உக்காந்து அரட்டை அடிச்சாங்கம்மா. அதுக்கும் காசா?"

நெரெய்தா தலைகுனிந்தாள். அரட்டை அடித்தது உண்மை. விழுந்து விழுந்து சிரித்ததும் உண்மை. நான்தான் பேராசைப்படுகிறேனோ?

"சிரிச்சோம்தான்" என்றாள் மெல்ல. "ஆனா அங்கேயேதான் இருந்தோம்."

"இருக்கத்தானே வேணும்! ஒழுங்குன்னு ஒண்ணு வேணாமா? தின்ன ஒரு தமாலெ வாங்கத் தெருவைத் தாண்டினாக்கூட அன்னைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போன்னு அனுப்பிடுவேன். இந்தச் செலெஸ்தினோவையே ரெண்டு தடவை அனுப்பியிருக்கேன், கேளுங்க!"

அதிகாரி ஒல்கின் அம்மாளின் பேனா நின்றது. "நகரக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானா?"

"நானேதான். என் இடம், என் சட்டம்."

"சட்டம் மாநிலத்தோடது. நகர விடாம நீங்க பிடிச்சு வச்சிருந்த நேரம் வேலை நேரம்தான்" என்று அவர் எழுதிக்கொண்டார்.

தோன் எவரார்தோவுக்கு வியர்த்தது. "ரெண்டாயிரம். இன்னைக்கே." உடனே அதிகாரி பக்கம் சாய்ந்தார். "இவகிட்டக் குடியேற்றக் காகிதம் இருக்கான்னு கேளுங்களேன்."

"அது இங்கே கேக்கற கேள்வி இல்ல. அதைச் சொல்லி மிரட்டினா, அது தனி வழக்கு."

இரண்டாயிரம் என்றால் ஒரு மாத வாடகை. அவள் கேட்டிருந்தது பதினான்காயிரத்துச் சொச்சம். மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். முழுசா வேணும். விசாரணைக்கே போவோம்."

"நாளைக்கு எங்கே வேலை பாப்ப?"

"உங்ககிட்டத்தான். வெளியே அனுப்பிப் பாருங்க, அதையும் இந்த அம்மாகிட்டயே எழுதிக் குடுக்கறேன்."

ஒல்கின் அம்மாள் நீட்டிய விசாரணைத் தாளில் அவள் தேதியை இருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டாள். செலெஸ்தினோ தொண்டையைச் செருமினான்.

"எனக்கும் ஒரு மனுப் படிவம் குடுங்கம்மா."

"நீயுமாடா?" என்று எழுந்தே விட்டார் முதலாளி.

"என்னை ரெண்டு தடவை அனுப்பினதை நான் சொல்லலியே, தோன். நீங்கதான் சொன்னீங்க."