குத்தூசியும் கூடையும்

இளங்கதிர் மேலெழுந்து ஆற்றுநீரில் பொன் கரைத்த காலைப்பொழுதில், தூண்கள் தடித்துச் சாளரங்கள் சிறுத்த அந்தக் கரையோர எடைக்கூடம், விழுங்கியது செரியாமல் கிடக்கும் பெரும்பாம்பென வாய் திறந்திருக்க, அதன்முன் நெல்மூட்டைகளோடு உழவர் நீளநின்றனர். கடல்கடந்து வந்த வணிகக் குழுவொன்று கட்டிய கூடம் அது. எடையாளர்க்குக் கூலி கொடுக்க மனமின்றி, 'மூட்டையில் குழல்வடிவக் குத்தூசி செருகிப் பதம் பார், குழலில் வருவதை நீயே வைத்துக்கொள்' என்று பிறர் விளைச்சலைத் தன் கொடையாக்கிவிட்டுக் கலமேறிப் போயிற்று அக்குழு. கொடி மாறிற்று, எடையாளர்க்குத் திங்கள்தோறும் ஊதியமும் வந்தது, குத்தூசி மட்டும் முனைமழுங்காமல் கைமாறிக்கொண்டே இருந்தது.

தன் குடியில் முதற்பட்டம் பெற்று, பணி இன்னும் உறுதியாகாத புது எடையாளராய் வந்தவள் அன்று அதை ஏந்தினாள். செருகினாள், இரண்டு மணியைக் கடித்தாள், ஈரமில்லை. எஞ்சியதை, எடையாளர் பங்கைச் சேர்க்கும் காலடிக் கூடையில் கொட்டாமல் மூட்டைக்குள்ளேயே திருப்பிக் கொட்டினாள். மகிழவேண்டிய உழத்தியோ முகம் வெளிறினாள்.

“என்னம்மா, நெல்லத் தள்ளிட்டீங்களா?”

“நல்ல நெல்லுதான்க்கா. உங்களது உங்களுக்கே.”

“ஐயோ, கூடையில விழுந்தாத்தான மூட்டை உள்ள போகும்! இன்னும் ரெண்டு குத்து வேணாலும் குத்திக்குங்கம்மா!”

பறிகொடுப்பவளே பறிக்கச்சொல்லிக் கெஞ்சும் அக்குரல் கேட்டு இளையவள் குத்தூசியைக் கீழே வைத்தாள். தலைமை எடையாளரான அவள் தாய்மாமன் விரைந்து வந்தார்.

“படிச்ச திமிரா? கம்பெனிக்காரன் காலத்து வழக்கம்டி இது. கூடை நிறையலேன்னா உன் வேலை நிலைக்காது.”

“அவன் சம்பளம் தரல, திருடச் சொன்னான். நீங்கதான் மாசாமாசம் வாங்குறீங்களே மாமா! அவன் போயும் அவன்கிட்டயே வேலை பாக்குறீங்களா?”

“கப்பல் எப்பவோ போயிடுச்சு, இவரு இன்னும் கரையில நின்னு கையாட்டுறாரு!” என்றான் ஒரு வண்டிக்காரன். வரிசை சிரித்தது.

அவளோ சிரிக்கவில்லை, எடை சொல்லி, முத்திரையிட்டு, மூட்டையைத் தன் தோள்கொடுத்தே உள்ளே தள்ளினாள். கூடையில் நெல் விழாமலே மூட்டை உள்ளே போகும் என்பதை உழத்தி விழியகலக் கண்டாள்.

அந்திக்குள் அவள் வேலை போயிற்று. தலைகுனியாது படியிறங்கிப் போனாள்.

மறுநாள் மாமனே குத்தூசி செருகிக் கூடைப்பக்கம் திரும்பியபோது, அதே உழத்தி மூட்டையின் வாயை அகல விரித்துப் பிடித்தாள்.

“பாத்தாச்சுல்ல? இங்க கொட்டுங்க.”

அவள் பின்னே, வரிசை முழுதும் மூட்டை வாய்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. பல தலைமுறைக்குப்பின், அக்கூடையின் அடிப்பின்னலை வெயில் அன்றுதான் தொட்டது.