க்ளட்ச் கால்

நாத்தனார் மாத்திரைப் புட்டியை மேசைமேல் வைத்தபோது நான் என் கணவருடைய சீருடைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். சட்டைக்கு இனி ஆள் இல்லை. கைதான் பழக்கத்தை விடவில்லை.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உடம்புல துத்தநாகம், செலினியம்லாம் கொறஞ்சிருந்தா, வைரஸ் காய்ச்சல்ல ரத்தம் சட்டுனு கட்டிக்குமாம். படிச்சேன். அண்ணனுக்குச் சாப்பாட்டுல சத்து பத்தலையோ என்னவோ. பாப்பாவுக்காவது இதைக் குடுங்க."

எங்கெங்கோ சுற்றிய சாவு கடைசியில் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் பேருந்து ஓட்டுநர். காய்ச்சல் தணிந்த பிறகுதான் இடது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது. "க்ளட்ச் காலுடி. லீவு குடுத்தா அதுக்குப் பிடிக்கல" என்று சிரித்தார். மறுநாள் கால் வீங்கிக் காலுறை ஏறவில்லை. நான்தான் கத்தரிக்கோலால் அதன் விளிம்பைக் கிழித்து மாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"என்ன வேலை?"

"பஸ் டிரைவர் சார்."

"அப்போ கால் வலிக்காம என்ன செய்யும்?"

"வீங்கியிருக்கு சார், ஒரு தடவ தொட்டுப் பாருங்க."

"காய்ச்சல் வந்த உடம்பும்மா. ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்."

காலில் உறைந்த ரத்தம் நுரையீரலில் போய் அடைத்துவிட்டது என்று, அவர் போன பிறகு வேறொரு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போது கேட்டுக்கொள்ள நான் மட்டும்தான் இருந்தேன். தொட்டுப் பார்க்காத கைமேல் குற்றமில்லை. என் கரண்டிமேல்தான்.

துத்தநாகம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் துளியிலும் துளியாகக் கரைந்திருப்பதைத் தேடிப் படிக்கிறவர்களுக்கு, முழுப் பூசணிக்காயாக வீங்கி நின்ற கால் எப்படித் தெரியாமல் போயிற்று?

எழுந்துபோய்க் கொடியிலிருந்த காலுறையை உருவி வந்து அவள் மடியில் எறிந்தேன்.

"இதுக்கு எந்த மாத்திரை குடுத்திருக்கணும்? சொல்லு."

"அண்ணி..."

"உங்கண்ணன் காலு அது. நல்லா பாரு. நான் சோறு போடாமத்தான் இப்படி ஆச்சா?"

அவள் ஊரிலிருந்து வந்து சேர்ந்தபோது அவரைக் கழுத்துவரை துணியால் மூடியிருந்தார்கள். காலை அவள் பார்க்கவில்லை. எனக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை.

அவள் காலுறைக்குள் கையை நுழைத்தாள். முழங்கைவரை போயிற்று. கிழித்த விளிம்பு அங்கே வாய் பிளந்து தொங்கியது. கையை அவள் வெளியே எடுக்கவே இல்லை.